மேப்பின் வெள்ளைக் கோடுகளை நம்பலாமா? தோட்டப்புறச் சாலைகளுக்கு கூகுள், வேஸ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற மூன்று மேப் செயலிகளில் எது

ஆடித் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்த நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வரும். "அண்ணே, வேஸ் போட்டு வரட்டுமா, கூகுள் போட்டு வரட்டுமா?" கேட்கிறவர்களில் பெரும்பாலோர் மலேசியாவில் எங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து ஷா ஆலாம், கிள்ளான், பூச்சோங் என்று குடியேறிவிட்டவர்கள். அவர்கள் சின்ன வயதில் நடந்த வழிகள் இன்று இல்லை. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. லயன் வீடுகள் போய்த் தாமான் (குடியிருப்புப் பகுதி) வந்தது. கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

போன வருடம் என் மருமகன் கிள்ளானிலிருந்து வந்தான். இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டான். "மாமா, மேப்பு நேராப் போகச் சொல்லுது. முன்னால இரும்பு கேட்டு, பூட்டு போட்டிருக்கு. ரெண்டு பக்கமும் செம்பனைதான் மாமா, ஒண்ணும் தெரியல." காரில் அவன் மனைவியும் ஆறு மாதக் குழந்தையும். என் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தேன். மறுநாள் அவன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவன் விட்டு இறங்கிய தார் ரோடும், மாட்டிக்கொண்ட காட்டு ரோடும் (செம்பனைக்குள் போகும் தோட்ட ரோடு) அந்தச் செயலியில் ஒரே வெள்ளைக் கோடு, ஏறக்குறைய ஒரே தடிமன். கேட் இருப்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. அவன்மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் மூன்று தோட்டங்களுக்குள் போய்ப் பிள்ளைகளை ஏற்றுகிறேன். அந்த இரவுக்குப் பிறகு மூன்று வகை மேப்பையும் ஒரே வழிகளில் திறந்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

## கோடு எதைச் சொல்கிறது

எந்த மேப் செயலியானாலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான். ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒரு வகை குறித்து வைத்திருக்கும். கோட்டின் நிறம், தடிமன், திரையை எவ்வளவு விரித்தால் அது கண்ணில் படத் தொடங்கும், எல்லாம் அந்த வகையைப் பொறுத்தது. சிலாங்கூர் முழுவதையும் திரையில் வைத்தால் விரைவுச்சாலையும் பெரிய ரோடும் தெரியும். விரித்துக்கொண்டே போனால் மாநிலச் சாலை, தாமான் ரோடு, கடைசியாகக் காட்டு ரோடு.

அந்த வகை சொல்வது, சாலைக் கட்டமைப்பில் அந்த ரோட்டுக்கு என்ன இடம் என்பதை. தாரா, செம்மண்ணா, மழையில் சக்கரம் புதையுமா, கேட் உண்டா என்பவை வேறு தகவல்கள். சில செயலிகளிடம் அவை இருக்கின்றன, காட்டுகின்றன. சிலவற்றிடம் இருந்தும் திரையில் தெரியாது. சிலவற்றிடம் இல்லவே இல்லை. நம் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான்.

எங்கள் பெஸ்தாரி ஜெயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். இந்த வட்டாரத்துக்கு வருகிறவர் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு வகைச் சாலைகளைத் தொட்டுவிடுவார். 2011இல் திறந்த லாத்தார் விரைவுச்சாலை, எண் இ25, டோல் உண்டு. சுங்கை பூலோவிலிருந்து கோல சிலாங்கூர் பக்கம் போகும் 54ஆம் எண் கூட்டரசுச் சாலை. பிறகு பி எழுத்தில் தொடங்கும் எண் கொண்ட சிலாங்கூர் மாநிலச் சாலைகள். அப்புறம் தாமான் ரோடுகள். அதற்கும் உள்ளே தோட்டத்தின் பெரிய ரோடு, சில இடத்தில் தார், சில இடத்தில் செம்மண்ணும் கல்லும். கடைசியாகக் குலை ஏற்றும் லோரியும் டிராக்டரும் மட்டும் போகிற காட்டு ரோடு.

முதல் மூன்றுக்கும் எண் உண்டு. எண் இருந்தால் அது அரசாங்க ரோடு. குறுக்கே பூட்டிய கேட் வராது. அதனால் நிறத்தைப் பார்ப்பதைவிட, கோட்டின்மேல் சின்னக் கட்டத்தில் எண் இருக்கிறதா, 'ஜாலான்' (மலாயில் சாலை) என்று பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நல்ல பழக்கம். எண்ணும் இல்லை, பெயரும் இல்லை, இருட்டில் போகச் சொல்கிறது என்றால் நிறுத்தி யாரையாவது கேளுங்கள். எந்தச் செயலி போட்டாலும் இது பொருந்தும்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. நம் நாட்டில் விரைவுச்சாலையின் வழிகாட்டிப் பலகை பச்சை. கூட்டரசு, மாநிலச் சாலைகளுக்கு நீலம். மேப்பின் நிறத்துக்கும் பலகையின் நிறத்துக்கும் தொடர்பே கிடையாது. மேப்பில் பச்சையாக ஒரு ரோடு தெரிந்தால், பெரும்பாலும் நெரிசல் இல்லை என்று பொருள்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் வைத்துக்கொண்டேன். சாலை வகைகளைக் கண்ணால் பார்த்தே பிரிக்க முடிகிறதா? மண் ரோடு மண் ரோடாகத் தெரிகிறதா? கேட்டும் தனியார் ரோடும் தெரிகிறதா? லைன் (கைப்பேசி சிக்னல்) இல்லாத இடத்தில் வேலை செய்கிறதா? தப்பு இருந்தால் நம்மால் திருத்த முடிகிறதா?

பேருந்து, கடை, உணவகம் தேடுவது போன்றவற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதில் கூகுள்தான் முன்னால் நிற்கிறது, விவாதமே வேண்டாம்.

| | கூகுள் மேப்ஸ் | வேஸ் | ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் செயலிகள் |
|---|---|---|---|
| வகை பிரித்துக் காட்டுவது | தடிமனில் கொஞ்சம் | தடிமனிலும் நிறத்திலும் ஓரளவு | நிறம், தடிமன், கோட்டின் வடிவம் எல்லாவற்றிலும் |
| மண் ரோடு | தனியாகத் தெரியாது | அமைப்பில் தவிர்க்கலாம் | பழுப்பு, விட்டு விட்டு வரும் கோடு |
| கேட், தனியார் ரோடு | சில வழிகளில் எச்சரிக்கை | உள்ளே ரோட்டு வகையாக உண்டு | குறித்திருந்தால் தெரியும் |
| லைன் இல்லாமல் | காருக்கு முடியும் | சிரமம் | முழுவதும் முடியும் |
| நெரிசல் | நன்று | மிக நன்று | பெரும்பாலும் இல்லை |
| திருத்துவது | அனுப்பலாம், காத்திருக்க வேண்டும் | தன்னார்வலர் வழி | நாமே |

## கூகுள் மேப்ஸ்

2023இல் கூகுள் தன் நிறங்களை மாற்றியது. அதற்கு முன் நெடுஞ்சாலைகள் மஞ்சளாகவும் மற்றவை வெள்ளையாகவும் இருந்தன. இப்போது எல்லாமே சாம்பல் வகை. பெரியது கொஞ்சம் அடர்த்தி, சின்னது வெளிறியது. பட்டணத்தில் இது உறுத்தவில்லை. தோட்டப்புறத்தில் மாநிலச் சாலையையும் தோட்ட ரோட்டையும் ஒரே பார்வையில் பிரிப்பது கடினமாகிவிட்டது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட கண்ணுக்கு, வெயிலில், காரின் முகப்பில் மாட்டியிருக்கும் திரையில் அந்த வித்தியாசம் தெரியாது.

வழி போட்ட பிறகு இன்னும் மோசம். தடித்த நீலக்கோடு ரோட்டை முழுக்க மூடிவிடும். எந்த இடத்தில் நமக்கு ரோட்டின் வகை தெரிய வேண்டுமோ அங்கேதான் அது மறைந்துபோகிறது. அதனால் கிளம்புவதற்கு முன்பே கடைசி ஐந்து கிலோமீட்டரை விரித்துப் பார்த்துவிட வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது கூகுளுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: செயற்கைக்கோள் படம். மேப்பின் கோடுகளைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தால் தார் கறுப்பாகவும் செம்மண் சிவப்பாகவும் தெரியும். முதிர்ந்த செம்பனையின் ஓலை ரோட்டை மூடியிருந்தால் மட்டும் ஒன்றும் தெரியாது. இன்னொரு எச்சரிக்கை, படம் பழையதாக இருக்கலாம். செம்பனையைச் சுமார் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். அப்போது காட்டு ரோடுகளும் இடம் மாறும். படத்தில் இருக்கிற ரோடு தரையில் இல்லாமல் போவது இப்படித்தான்.

டோல், நெடுஞ்சாலை, ஃபெரி ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லும் வசதி உண்டு. மண் ரோட்டைத் தவிர்க்கச் சொல்லும் பொத்தான் கிடையாது. மாறாக, டோல் வேண்டாம் என்று போட்டால் சில சமயம் குறுக்கு வழி தேடப் போய் அது உங்களைத் தோட்டத்துக்குள் இழுக்கக்கூடும். இரண்டு மூன்று ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் போய்ச் சேற்றில் சிக்க வேண்டாம்.

வழியில் தனியார் ரோடு இருந்தால் சில சமயம் சின்ன எழுத்தில் எச்சரிக்கும். அந்த வரியைப் படிக்காமல் தொடங்கு பொத்தானை அழுத்திவிடுகிறோம். நிறுத்திப் படியுங்கள்.

மறைந்த செலவு: பகுதியைப் பதிவிறக்கி வைத்தால் லைன் இல்லாமலும் காருக்கு வழி காட்டும், ஆனால் நெரிசல் தெரியாது, நடைக்கு வழி வராது. அந்தப் பதிவிறக்கமும் காலாவதியாகும். அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

## வேஸ்

கோலாலம்பூரிலிருந்து கிளம்பி ஊர் எல்லை வரை வருவதற்கு எனக்குக் கேட்டால் வேஸ்தான். நெரிசல், விபத்து, ரோட்டில் குழி எல்லாம் முன்னால் போகிறவர்கள் சொல்லிக்கொண்டே போகிறார்கள். கூகுள் 2013இல் வேஸை வாங்கிவிட்டது. ஆனாலும் வேஸின் மேப் தனியாகத்தான் வளர்கிறது. ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து திருத்துகிறார்கள்.

அவர்கள் பயன்படுத்தும் பட்டியலில் விரைவுச்சாலை தொடங்கித் தெரு வரை வகைகள் உண்டு. அதற்குக் கீழே நமக்கு முக்கியமான இரண்டு வகைகள் இருக்கின்றன: தனியார் ரோடு, பராமரிப்பில்லாத காட்டு ரோடு. தோட்ட ரோட்டைத் தனியார் ரோடு என்று சரியாகக் குறித்திருந்தால் வேஸ் அதைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்தத் தயங்கும். நீங்கள் போக வேண்டிய இடம் உள்ளேயே இருந்தால் மட்டும் நுழையும். தோட்டப்புறத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் யாராவது அவசரத்தில் வெறும் 'தெரு' என்று குறித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். திரையில் பார்க்கிற நமக்கு எது எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாது.

அமைப்புப் பகுதியில் தார் போடாத ரோடுகளுக்கு ஒரு தேர்வு இருக்கிறது: அனுமதி, அனுமதிக்காதே, நீளமாக இருந்தால் தவிர். திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் அதை 'அனுமதிக்காதே' என்று வைக்கச் சொல்கிறேன். இந்த ஒரு மாற்றத்துக்காகவே வேஸைப் போடலாம்.

மறைந்த செலவு டேட்டாவும் பேட்டரியும். லைன் இருக்கும்போது வழி போட்டுவிட்டால் சமாளிக்கும். உள்ளே போன பிறகு வழி தவறினால், புதிய வழி கணக்கிட அதற்கு லைன் வேண்டும். பள்ளத்தில், செம்பனைக்கு நடுவில், அது கிடைக்காது. நடந்து போகவும் சைக்கிளுக்கும் வேஸில் இடமில்லை. மோட்டார் சைக்கிளுக்குத் தனித் தேர்வு உண்டு.

## ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் செயலிகள்

இதைப் பற்றி நம் ஆட்களுக்கு அதிகம் தெரியாது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் பிரிட்டனில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் கணக்கு திறந்து ரோடு வரையலாம், திருத்தலாம். அந்தத் தகவலை எடுத்துப் பல செயலிகள் ஓடுகின்றன. நான் வைத்திருப்பவை ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்அண்ட் இரண்டும்.

அதன் இணையதள மேப்பைத் திறந்தால் முதல் பார்வையிலேயே வித்தியாசம் தெரியும். விரைவுச்சாலை இளஞ்சிவப்பு. அடுத்த பெரிய சாலைகள் செம்மஞ்சள் சாயலில் படிப்படியாக வெளுத்துக்கொண்டே வந்து வெளிர் மஞ்சளில் முடியும். அதற்குக் கீழே வெள்ளை. வெள்ளைக்கும் கீழே நமக்கு வேண்டியது: காட்டு ரோடு, பழுப்பு நிறத்தில் விட்டு விட்டு வரும் கோடு. நடைபாதை சிவப்புச் சாயலில் புள்ளிக்கோடு. விவசாயத்துக்கும் காட்டு வேலைக்குமான ரோடு என்றே இதில் தனி வகை இருக்கிறது. அதிலும் 1 முதல் 5 வரை தரம் பிரிக்கலாம். 1 என்றால் இறுகிய கெட்டித் தரை, 3 என்றால் கல்லும் மண்ணும் கலந்தது, 5 என்றால் வெறும் மென்மண். தரம் குறையக் குறையக் கோட்டின் துண்டுகளும் மாறும். எங்கள் பக்கம் ரப்பர் காலத்து ரோடுகள் 2, 3. ராஜா மூசா பக்கத்துச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ரோடுகள் மழைக்காலத்தில் 5தான். அக்டோபர், நவம்பரில் அந்த ரோட்டில் சாதாரணக் காரை இறக்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

தரை தார், கல், மண் என்று தனியாகவும் எழுதலாம். கேட்டை ஒரு புள்ளியாக வைக்கலாம். 'தனியார்' என்று குறித்தால் வழி போடும்போது செயலி அதைப் பார்த்துக்கொள்ளும். ஓஸ்ம்அண்டில் ரோட்டின் தரையை நிறத்தால் பிரித்துக் காட்டும் தேர்வும், அனுமதி இல்லாத ரோடுகளைக் காட்டும் தேர்வும் உண்டு. ஆர்கானிக் மேப்ஸில் மண் ரோட்டைத் தவிர்க்கலாம். செயலிக்குச் செயலி நிறம் மாறும், இணையதளத்தில் பார்த்த அதே வண்ணத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

பெயர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு இடத்துக்கு மலாய்ப் பெயர், பழைய பெயர், தமிழ்ப் பெயர் என்று தனித்தனியாக எழுதிவைக்க இதில் இடமிருக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் தென்னமராம் தோட்டம் இருக்கிறது. ஹென்றி ஃபோக்கோனியே என்கிற பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்ட இடம் அது. பெயரைப் பாருங்கள், நம் தென்னை மரம்தான். ரோமன் எழுத்தில் மட்டும் படிக்கிற பிள்ளைக்கு அது தெரிவதில்லை. தமிழிலும் எழுதிவைத்தால் தெரியும். தாத்தா பாட்டி சொன்ன 'பழைய கம்பெனி ரோடு', 'பத்தாம் நெம்பர் காடு' எல்லாம் இப்படித்தான் மிஞ்சும். இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம், அதனால் தள்ளி வைக்க முடியவில்லை.

இனி குறைகள். ஒரு தோட்டம் முழுதாக வரைந்திருக்கும், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கோடும் இருக்காது. யார் வரைந்தார் என்பதைப் பொறுத்தது. வரைந்தவர் காட்டு ரோட்டைத் தாமான் ரோடு என்று குறித்துவிட்டால் செயலி அங்கே வேகமாகப் போகலாம் என்று கணக்குப் போட்டு நம்மை அனுப்பிவிடும். நெரிசல் தகவல் ஆர்கானிக் மேப்ஸில் கிடையாது. ஓஸ்ம்அண்டின் இலவசப் பதிப்பில் பதிவிறக்கத்துக்கு வரம்பு உண்டு, அதன் அமைப்புகளும் முதல் தடவை தலை சுற்ற வைக்கும். பெரியவர்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ் போதும்.

மறைந்த செலவு நம் நேரம்தான். நம் தோட்டம் அதில் இல்லையென்றால் நாமே வரைய வேண்டும். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வரைந்தது இணையதளத்தில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், செயலியில் வர அடுத்த மேப் பதிப்பு வரை பொறுக்க வேண்டும். வரைவதற்கு முன் தோட்ட மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது அவர்கள் நிலம். கேட்டையும் 'தனியார்' என்பதையும் விடாமல் குறியுங்கள். இல்லாவிட்டால் வெளி லோரிகள் குறுக்கு வழி என்று உள்ளே வந்து, நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற ரோட்டில் தூசி கிளப்பும்.

## யாருக்கு எது

வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ காரில் வருகிறவர்: வேஸ், மண் ரோடு 'அனுமதிக்காதே'. ஊர் எல்லை தாண்டியதும் எண் உள்ள ரோட்டிலேயே இருங்கள்.

வேஸ் பழக்கமில்லாத பெரியவர்கள்: கூகுள். முந்தின இரவே பிள்ளைகளை விட்டுச் செயற்கைக்கோள் படத்தில் கடைசிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள் தினமும் வேலை இருக்கிறவர், வேன் ஓட்டுகிறவர், பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற மோட்டார் பையன்கள், தாதியர், கோயில் வேலையாக உள்ளே போகிறவர்கள்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் செயலி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தோட்டத்துக்குள் மற்ற இரண்டும் அதற்கு ஈடாகாது என்பது என் முடிவு. ஆனால் அது மட்டும் வைத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போகாதீர்கள், நெரிசலில் மாட்டுவீர்கள். நான் இரண்டு வைத்திருக்கிறேன்: கேட் வரை வேஸ், கேட்டுக்குள் ஆர்கானிக் மேப்ஸ்.

அவசரத்துக்கு 999 அழைக்கும்போது எந்த மேப்பும் காத்திருக்கட்டும். எந்தத் தோட்டம், எந்த நுழைவாயில், பக்கத்துப் பலகையில் என்ன காட்டு எண் (தோட்டப் பிரிவின் எண்) என்று சொல்லுங்கள். ஒருவரை மெயின் ரோட்டில் விளக்கோடு நிற்க வையுங்கள்.

## மேப்பில் 'பின்' வைக்கிற இடம்

கடைசியாக, எல்லாச் செயலிக்கும் பொதுவான ஒரு விஷயம். நீங்கள் அனுப்புகிற 'பின்' (மேப்பில் இடத்தைக் குறிக்கும் அடையாளம்), இடத்துக்கு மிக அருகில் இருக்கும் ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோயில் கூரைமேல் பின் வைத்தால், அருகில் இருப்பது பாரிட்டுக்கு (வடிகாலுக்கு) அந்தப் பக்கத்து ரோடாகக்கூட இருக்கலாம். விரைவுச்சாலையை ஒட்டிய வீடென்றால், வேலிக்கு அந்தப் பக்கம் விரைவுச்சாலையிலேயே நிறுத்தி 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று சொல்லும்.

அதனால் இந்த வருட நோட்டீஸில் கோயிலின் பின்னைக் கொடுக்கவில்லை. மாநிலச் சாலையிலிருந்து தோட்டத்துக்குத் திரும்புகிற வளைவில், பகலில் திறந்திருக்கும் பெரிய கேட்டின் முன்னால் பின் வைத்து அதைத்தான் அச்சடித்தோம். கீழே ஒரு வரி: "இங்கே வந்ததும் மேப்பை நிறுத்திவிட்டு மாவிலைத் தோரணத்தைப் பார்த்து வாருங்கள்." கேட்டிலிருந்து கோயில் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் இளைஞர்கள் தோரணம் கட்டுகிறார்கள். இரவு பத்து மணி வரை கேட்டில் இரண்டு பேர் நிற்பார்கள்.